உபகாரச் சம்பளமும் ஐம்பது மதிப்பெண்ணும்

எங்கள் தாமிரபரணிக் கரையில் முந்தைய தலைமுறையினர் 'ஸ்காலர்ஷிப்' என்று சொல்ல மாட்டார்கள். 'உபகாரச் சம்பளம்' என்பார்கள். இன்று அரசாணைகளில் 'கல்வி உதவித்தொகை' என்ற சொல் நிலைபெற்றுவிட்டது. ஆனாலும் அந்தப் பழைய சொல்லை நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. அதற்குள் இருக்கும் இரண்டு சொற்களும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. உபகாரம் என்பது கைம்மாறு கருதாமல் செய்வது. சம்பளம் என்பது செய்த வேலைக்கு அளந்து கொடுப்பது. (சம்பா நெல்லும் அளத்து உப்பும் சேர்ந்தே சம்பளம் ஆயிற்று என்று சொல்வோர் உண்டு. உப்பளத்துச் சீமைக்காரர்களுக்குப் பிடித்தமான விளக்கம். சரியா என்பது வேறு விஷயம்.) ஏழை மாணவருக்குத் தரும் பணம் இவ்விரண்டில் எது என்று அரசும் அறக்கட்டளைகளும் இன்றுவரை முடிவு செய்துகொள்ளவில்லை. கொடுக்கும் நாளில் அது உபகாரம். ஓராண்டு கழித்துப் புதுப்பிக்கும் நாளில் அது சம்பளமாகிவிடுகிறது: மதிப்பெண் எங்கே, வருகைப் பதிவு எங்கே, தேர்ச்சி எங்கே?

இந்தப் புதுப்பித்தல் நிபந்தனையைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். இலக்கியம் பேசும் இடத்தில் இதற்கென்ன வேலை என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். எட்டயபுரத்துச் சுப்பிரமணிய பாரதி 1897ஆம் ஆண்டில், பதினான்கு பதினைந்து வயதில், படிப்புக்கு உதவி கேட்டு ஜமீனுக்குச் செய்யுளிலேயே விண்ணப்பம் எழுதியவன். இந்த வட்டாரத்தின் நவீன இலக்கியத்தை ஒரு ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்திலிருந்து தொடங்கினாலும் பெரிய பிழையாகாது. இன்னொருவர் புதுமைப்பித்தன். 1906இல் பிறந்தவர், திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் பி.ஏ. முடித்தது 1931இல். இருபத்தைந்து வயது ஆகிவிட்டது. உரிய காலத்தில் 'முன்னேற்றம்' காட்டவில்லை என்று கணக்குப் பார்த்தால் முதல் வரிசையில் நிற்க வேண்டியவர்.

ஆனால் இந்தப் பேச்சுக்கு முழுமையான சான்று நம் ஆற்றங்கரையில் இல்லை, காவிரிக்கரையில் இருக்கிறது. 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்த சீனிவாச ராமானுஜனுக்கு ஓர் உதவித்தொகை கிடைத்தது. அதைக் கொடுத்தவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல மாணவன் என்று கண்டுதான் கொடுத்தார்கள். அவர் கணக்கைத் தவிர வேறெதையும் படிக்கவில்லை. ஆங்கிலத்தில் தவறினார். உதவித்தொகை நின்றது. 1905இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயிலேறினார். அடுத்த ஆண்டு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார், இடையில் நோய், தேர்வில் மீண்டும் தோல்வி. 1907இல் தனித்தேர்வராக எழுதியும் தேறவில்லை. கணிதத்தில் மிகத் தெளிவாக எழுதியவர் உடலியல் தாளில் மிகப் பரிதாபமாக நின்றார். பட்டம் இல்லாமலே 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் எழுத்தர் வேலைக்குப் போனார்.

இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை. 'விதி குருடு, மேதை வீணானான்' என்று இந்த இடத்தில் நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொள்வதே நம் வழக்கம். எனக்கு அதற்கடுத்த பகுதியே முக்கியமாகப் படுகிறது. 1913 மே முதல் நாளிலிருந்து சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. இரண்டு ஆண்டுகளுக்கு. முதுகலைப் பட்டம் பெற்றவருக்கே உரிய தொகை, எஃப்.ஏ. கூடத் தேறாதவருக்கு விலக்களித்துக் கொடுத்தார்கள். அப்போதும் நிபந்தனை இல்லாமல் கொடுத்துவிடவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்த வேலையைப் பற்றி அறிக்கை தர வேண்டும் என்றார்கள். ராமானுஜன் தந்தார். 1913 ஆகஸ்டில் ஒன்று, நவம்பரில் ஒன்று, 1914 மார்ச்சில் ஒன்று. மூன்றாவதைக் கொடுத்த சில நாட்களில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

ஆக, அதே மனிதரிடம் இரண்டு முறை முன்னேற்றத்தைக் காட்டும்படி கேட்டிருக்கிறார்கள். முதல்முறை அவரை அழித்தது. இரண்டாம் முறை அவருக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. நிபந்தனை இருந்ததா இல்லையா என்பதில் வேறுபாடு இல்லை. இரண்டு முறையும் இருந்தது. எதை அளந்தார்கள், எப்போது அளந்தார்கள், அளந்த பின் என்ன செய்தார்கள் என்பவற்றில்தான் எல்லா வேறுபாடும் இருக்கிறது. எல்லா மாணவரும் ராமானுஜன் அல்லர் என்று பதில் வரும். மிகவும் சரி. அதனால்தான் சொல்கிறேன்: ராமானுஜனையே தவறவிட்ட அளவுகோல், அவரைப்போலக் கடிதம் எழுதிக் கேட்க ஒரு ஹார்டியும் இல்லாத சாதாரண மாணவியை எப்படிப் பிடிக்கும்?

அந்தச் சாதாரண மாணவியைக் கொற்கையில் வைத்துப் பார்ப்போம். இவள் என் கற்பனை. ஆனால் இவளுடைய சூழ்நிலையில் எதுவும் கற்பனை இல்லை.

கொற்கை என்றதும் நம் நண்பர்களுக்குப் பாண்டியன் துறைமுகம், முத்து, கிரேக்க மாலுமியின் குறிப்பேடு, கால்டுவெல் தோண்டிப் பார்த்த மேடு, 1968-69 அகழாய்வு, 2021இல் மறுபடியும் அகழாய்வு என்று வரிசையாக நினைவு வரும். ஜோ டி குருஸின் நாவலும் நினைவு வரும். இன்றைய கொற்கை தூத்துக்குடி மாவட்டத்துச் சிற்றூர். ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலில் கடல் சில கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டது. ஊரைச் சுற்றி வாழை, நெல். கடைத்தெரு வேண்டுமென்றால் ஏரல். கல்லூரி வேண்டுமென்றால் சாயர்புரம், ஸ்ரீவைகுண்டம், திருச்செந்தூர், தூத்துக்குடி, இன்னும் கொஞ்சம் துணிந்தால் பாளையங்கோட்டை. எங்கே போனாலும் பேருந்துதான்.

நம் மாணவி பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள். நன்றாகவே படித்தவள். கல்லூரியில் பி.எஸ்.சி. வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது. முதல் பருவத்தில் பாடத்தைவிடப் பாடத்தின் மொழியோடு மல்லுக்கட்டுவதே வேலையாகிறது. வேதியியல் அவளுக்குத் தெரியும். 'காவ்யா, டிஃபைன்' என்று யாரையாவது எழுப்பும்போது தன்னை எழுப்பிவிடக் கூடாதே என்ற பயத்தில் அது மறந்துபோகும். இந்த நிலை இரண்டு பருவங்களில், சிலருக்கு மூன்று பருவங்களில், சரியாகிவிடுகிறது. இதைக் கல்லூரி ஆசிரியர் எவரும் மறுக்க மாட்டார். மூன்றாம் ஆண்டில் வகுப்பில் முதலாக நிற்கும் பல மாணவியருக்கு முதல் பருவத்தில் இரண்டு அரியர் இருந்திருக்கும்.

இப்போது விதிகளைப் பார்ப்போம். 2008இல் தொடங்கிய நடுவண் அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகைத் திட்டம் ஒன்று உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் தம் வாரியத்தின் மேல்வரிசை ஐந்தில் ஒரு பங்குக்குள் வந்த, குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்கு மேற்படாத மாணவருக்கானது. நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு அதிகபட்சம் 82,000 பேர். இளங்கலையில் ஆண்டுக்கு 12,000 ரூபாய். அதைப் புதுப்பிக்க ஆண்டுத் தேர்வில் 50 விழுக்காடு மதிப்பெண்ணும் 75 விழுக்காடு வருகையும் வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் கலைக் கல்லூரிகளில் இளங்கலைத் தேர்ச்சிக்குப் பொதுவாக 40 மதிப்பெண் போதும். நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. பல்கலைக்கழகம் 'தேறினாய், மேலே போ' என்கிறது. உதவித்தொகை 'தேறவில்லை, வீட்டுக்குப் போ' என்கிறது. அந்தப் பத்து மதிப்பெண் இடைவெளியில் விழுகிறவர்கள் யார்? பெரும்பாலும் மேலே சொன்ன முதல் இரண்டு பருவத்துக்காரர்கள்.

இதனோடு ஒப்பிட, மிகப் பழைய திட்டமொன்று இதைவிடக் கருணையோடு எழுதப்பட்டிருப்பது ஆச்சரியம். பட்டியல் சாதி மாணவருக்கான மெட்ரிக் பிந்தைய உதவித்தொகை 1944இல், வெள்ளையர் ஆட்சியிலேயே, தொடங்கியது. நீண்ட காலம் நடப்பில் இருந்த அதன் விதிகளைப் படித்துப் பார்த்தால், எழுதியவர் கல்லூரி வாழ்க்கையை அறிந்தவர் என்பது புரியும். அங்கே மதிப்பெண் வரம்பு இல்லை. அடுத்த வகுப்புக்குப் போனால் போதும். கீழ் வகுப்பில் பாடம் பாக்கி இருந்தாலும் பல்கலைக்கழக விதிப்படி மேல்வகுப்புக்கு அனுப்பப்பட்டால் உதவி தொடரும். அதாவது அரியரை அந்த விதி அறிந்திருந்தது. தொழிற்படிப்பு போன்ற உயர் பிரிவுகளில் முதல்முறை தோற்றாலும் புதுப்பிக்கலாம். இரண்டாம் முறை தோற்றால் தேறும் வரை தன் செலவில் படிக்க வேண்டும், தேறியபின் உதவி திரும்ப வரும். கதவு சாத்தப்படுகிறது, பூட்டப்படுவதில்லை. கும்பகோணத்தில் 1905இல் இப்படியொரு விதி இருந்திருந்தால் என்ற நினைப்பைத் தவிர்க்க முடியவில்லை.

தமிழ்நாட்டின் புதுமைப்பெண் திட்டம் இன்னொரு வகை. 2022 செப்டம்பர் 5ஆம் நாள் தொடங்கியது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு, படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய். அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் அதை விரிவாக்கியபோது, தொடக்கவிழா 2024 டிசம்பர் 30 அன்று நம் தூத்துக்குடியில்தான் நடந்தது. இத்தொகைக்கான தகுதியை மதிப்பெண்ணால் அளப்பதில்லை. எங்கே படித்தாய் என்பதே கேள்வி. மாதம் ஆயிரம், ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம். மேலே சொன்ன நடுவண் திட்டத்தின் அதே தொகை. ஒன்று உபகாரம், மற்றது சம்பளம். தொகை ஒன்றுதான் என்பதால் வேறுபாடு இன்னும் துலக்கமாகத் தெரிகிறது.

நிபந்தனை வேண்டும் என்பவர்களின் வாதத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. பொதுப்பணம். இடங்கள் எண்ணி வைத்தவை. ஒருத்தி பெறும் தொகைக்கு வெளியே இன்னொருத்தி காத்திருக்கிறாள். கல்லூரிப் பக்கமே வராமல் பெயரை மட்டும் பதிவேட்டில் வைத்திருக்கும் மாணவர்களும், அப்படிப் பெயர்களை வைத்தே பணம் பார்க்கும் நிறுவனங்களும் உண்டு. அதைத் தடுக்க வருகைப் பதிவு கேட்பது சரியே. வகுப்பில் இருந்தாளா என்று கேட்கும் உரிமை பணம் கொடுப்பவருக்கு உண்டு என்றே நானும் நினைக்கிறேன்.

ஆனால் பொதுப்பணம் என்ற வாதத்தை எடுத்தால் அதை முழுதாக எடுக்க வேண்டும். அரசு உதவிபெறும் கல்லூரியில் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது அரசாங்கம். அந்த வகுப்பில் கொற்கை வாழைத்தோட்டக் கூலியின் மகளுக்குப் பக்கத்தில் தூத்துக்குடி வியாபாரியின் மகளும் உட்கார்ந்திருக்கிறாள். இருவரையும் பொதுப்பணமே படிக்கவைக்கிறது. வியாபாரியின் மகள் ஆறு அரியர் வைத்தாலும் 'உன் மீது செலவழித்த பொதுப்பணத்துக்குக் கணக்குச் சொல்' என்று எவரும் கேட்பதில்லை. தேர்வுக் கட்டணத்தைக் கட்டிவிட்டு மறுபடி எழுதுவாள். கூலியின் மகளுக்கு ஒரு பருவம் சறுக்கினால் பேருந்துக் காசும் விடுதிக் காசும் நின்றுபோகும். தோற்கும் உரிமை காசு உள்ளவருக்கு மட்டும் இருக்கிறது. 'முன்னேற்றம்' என்ற சொல்லை நாம் ஏழையிடம் மட்டுமே பயன்படுத்துகிறோம் என்பது எனக்கு எப்போதும் உறுத்தலாக இருந்து வருகிறது.

வேறொரு கணக்கும் இருக்கிறது. மாணவி பருவந்தோறும் குறித்த நாளில் முன்னேற்றம் காட்ட வேண்டும். பணமோ குறித்த நாளில் வருவதில்லை. கல்வியாண்டு முடியும் தறுவாயில் வந்து சேர்வதும், அதற்குள் தகப்பனார் வட்டிக்கு வாங்கிக் கட்டிவிடுவதும் எந்தக் கல்லூரி அலுவலகத்திலும் கேட்கக் கிடைக்கும் பேச்சு. விதை விதைக்கும் பருவத்தில் வராத தண்ணீர் அறுவடைக்கு வந்து நின்றுகொண்டு விளைச்சல் எங்கே என்று கேட்டால் சம்சாரி என்ன பதில் சொல்வார்?

அமெரிக்காவில் இந்த விஷயத்துக்கு ஒரு முழுப்பெயரே உண்டு: 'திருப்திகரமான கல்வி முன்னேற்றம்'. கூட்டாட்சி அரசின் உதவி பெறும் ஒவ்வொரு கல்லூரியும் இதற்கென எழுத்தில் கொள்கை வைத்திருக்க வேண்டும். மூன்று அளவுகள்: மதிப்பெண் சராசரி, எடுத்த பாடங்களில் எவ்வளவு முடித்தார் என்ற வேகம், மொத்தக் கால வரம்பு. நான்காண்டுப் படிப்பை ஆறாண்டுக் கணக்குக்குள் முடிக்க வேண்டும். அதாவது ஒன்றரை மடங்கு. ஏறக்குறைய 'சி' தரச் சராசரி வேண்டும் என்ற பொது வரம்பை இரண்டாம் ஆண்டின் முடிவில் வைத்திருக்கிறார்கள். அதற்கு முன் கல்லூரிகள் தாமாகக் கடுமை காட்டலாம், காட்டுகின்றன. அங்கேயும் முதலில் அடிபடுவது ஏழைகளும் கறுப்பின மாணவர்களுமே என்ற குறை நெடுநாளாக உண்டு. ஆகவே அதைச் சொர்க்கமாக்கிக் காட்டும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் இரண்டு விஷயங்கள் அங்கே நம்மைவிடத் தெளிவாக இருக்கின்றன. சறுக்கியவருக்கு முதலில் எச்சரிக்கை, பணம் ஒரு பருவம் தொடர்கிறது. பிறகு முறையீடு: உறவினர் இறப்பு, மாணவரின் நோய் அல்லது காயம், வேறு சிறப்புச் சூழ்நிலை என்று காரணங்களை விதியே எடுத்துச் சொல்கிறது. முறையீட்டை ஏற்கும் கல்லூரி, அடுத்து எந்தப் பாடத்தை எப்போது முடிப்பது என்று மாணவருடன் சேர்ந்து ஒரு திட்டம் வகுக்கலாம். ராமானுஜனின் மூன்று மாத அறிக்கைக்கு இது தூரத்து உறவு.

கொற்கையைப் பற்றிப் பேசிவிட்டு முத்துக்குளிப்பைச் சொல்லாமல் போகக் கூடாது. தூத்துக்குடிக் கடலில் 1961 வரை நடந்த குளிப்புகளில், பருவம் அறிவிப்பதற்கு முன் 'பார்' என்று சொல்லப்படும் சிப்பித் திட்டுகளைச் சோதிப்பார்கள். கொஞ்சம் சிப்பிகளை எடுத்து உடைத்து, முத்தின் வயதையும் மதிப்பையும் கணிப்பார்கள். சிப்பி இளசாக இருந்தால் அந்தப் பாரை அந்த ஆண்டு தொட மாட்டார்கள். விட்டுவைப்பார்கள், அழிக்க மாட்டார்கள். விட்டுவைத்த பார் அடுத்த ஆண்டு வெறுமையாகக் கிடந்ததும் உண்டு. அந்த நட்டத்தை ஏற்றுக்கொண்டுதான் தொழில் நடந்தது. நம் கல்வித்துறை முதல் பருவத்திலேயே சிப்பியை உடைத்துப் பார்த்து முத்தில்லை என்று கரையில் எறிகிறது.

எனக்குத் தோன்றுவது இதுதான். முதல் ஆண்டுக்கு மதிப்பெண் நிபந்தனையே கூடாது, வருகை போதும். அதற்குப் பின்னும், பல்கலைக்கழகம் தேர்ச்சி என்று சொன்னபின் உதவித்தொகை தனியாக ஒரு தேர்ச்சி வரம்பு வைத்துக்கொள்ளக் கூடாது. மதிப்பெண்ணுக்குப் பரிசு தர வேண்டுமானால் தாராளமாகத் தரட்டும், அதற்குப் பரிசு என்று பெயர் வைக்கட்டும். தேவைக்குத் தரும் பணத்தைப் பரிசாக மாற்ற வேண்டாம். 2020 ஆகஸ்டில் தொற்றுக்காலத்தில் தேர்வுக் கட்டணம் கட்டிய எல்லோருக்கும் அரியர் பாடங்களில் தேர்ச்சி என்று தமிழக அரசு அறிவித்து, அது நீதிமன்றம் வரை போனதை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படித் தேர்வையே தூக்கி எறிவதை நான் கேட்கவில்லை. அந்த அறிவிப்பால் யாருடைய படிப்பும் உயரவில்லை. தேர்வு இருக்கட்டும். தோற்றவள் மறுபடி எழுதுவதற்குப் பேருந்தில் வரக் காசு இருக்கட்டும் என்பதே கேள்வி.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரைமீறி ஏரலும் ஸ்ரீவைகுண்டமும் சுற்றியுள்ள கிராமங்களும் தண்ணீருக்குள் போயின. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் செந்தூர் விரைவு ரயில் பயணிகளோடு நின்றது. பருவத்தேர்வுக் காலம் அது, தேர்வுகளை ஒத்திவைத்தார்கள். ஒத்திவைத்த தேர்வுக்குப் புத்தகம் நனைந்தவளும் நனையாதவளும் ஒரே நாளில்தான் உட்கார்ந்தார்கள். வீட்டில் சேறு அள்ளிய நாட்களும் வருகைப் பதிவேட்டில் வராத நாட்களே.

இங்கேதான் அந்தப் பழைய மெட்ரிக் பிந்தைய விதியின் இன்னொரு பத்தி எனக்கு நினைவு வருகிறது. நோயினாலோ முன்கூட்டி அறிய முடியாத வேறு நிகழ்வினாலோ ஆண்டுத் தேர்வு எழுத முடியாமல் போனால், தக்க சான்று காட்டி உதவியைப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்கிறது அது. அதற்குக் கல்லூரி முதல்வர் ஒரு சான்று தர வேண்டும்: இந்த மாணவர் தேர்வு எழுதியிருந்தால் தேறியிருப்பார் என்று. எழுதாத தேர்வில் ஒருவர் தேறியிருப்பார் என்று அரசுக் காகிதத்தில் கையெழுத்திட அனுமதிக்கும் விதி இது. அந்தக் கையெழுத்தைப் போட முதல்வருக்கு அந்த மாணவியைத் தெரிந்திருக்க வேண்டும். கேட்பதற்கு அந்த மாணவிக்கு விதியைத் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு திட்டத்திலும் இத்தகைய ஒரு பத்தி இடம்பெறட்டும். அதைத் தமிழில், பெரிய எழுத்தில், சேர்க்கை நாளன்றே கட்டண ரசீதோடு சேர்த்துக் கையில் கொடுக்கட்டும். ஒரு தாள் செலவு.